கினுதியா போட்ட பூஜ்யங்கள்

குரங்கின் மேல் இமையில் ஒரு துளி மருந்தைக் குத்திவிட்டு, மூன்று நாள் அந்த இமை தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் கினுதியாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சோறு போட்ட வேலை. காசநோயைக் கண்டுபிடிக்க மனிதனுக்குக் கையில் குத்துவார்கள். பபூன் குரங்குக்குக் கையில் குத்திப் பிரயோசனமில்லை; மறுநாள் கேட்டால் கையை நீட்டிக் காட்டாது. ஆனால் முறைக்காமல் இருக்காது. முறைத்தால் இமை தெரியும்; தொங்கினால் நோய். குரங்கின் கோபத்தையே அதற்கு எதிரான சாட்சியாக மாற்றியவன் யாரோ, அவன் மனிதர்களை நன்றாக அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

நைரோபிக்குப் பக்கத்தில், லிமுரு மேட்டுத் தேயிலைக்கு நடுவில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வாசிப்பு நடக்கும். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். பூஜ்யம் என்றால் சுத்தம். மூன்று என்றால் சந்தேகம். நான்கும் ஐந்தும் போட்டால் அந்தக் குரங்குக்கு அன்று மாலையே வேறு ஊசி. மற்றவர்கள் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டியதைக் கினுதியா பத்தடி தூரத்திலிருந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு பார்த்துவிடுவார். ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அறுத்துப் பார்க்கும்போது அவர் நான்கு போட்ட நுரையீரலில் முடிச்சுகள் இருக்கும். பூஜ்யம் போட்டதில் இருக்காது. குரங்குகளுக்கும் இது தெரிந்திருந்தது என்று ஊழியர்கள் சொல்வார்கள். அவர் வந்தால் பெரிய கூண்டில் முப்பத்திரண்டும் முதுகைத் திருப்பிக்கொள்ளும்.

நிலையத்தின் சட்டம் எளிமையானது. நோய் கண்ட குரங்குக்கு ஊசி, நோய் கண்ட ஊழியனுக்குக் கடிதம். ஒரு இமை தொங்கினால், எந்த மனிதனிடமிருந்து வந்தது என்று அந்த வாரமே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, குப்பியில் துப்பச் சொல்வார்கள். தீவனக் கிடங்கில் இருந்த மசிண்டே அப்படித்தான் போனான். காலையில் துப்பினான், வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, மாலையில் அவன் கட்டிலும் அடுப்பும் நிலையத்து வீட்டு வாசலுக்கு வெளியே மழையில் நின்றன. ஊருக்குப் போய்ச் சேர்ந்தான் என்று ஒரு தகவல், சேரவில்லை என்று ஒரு தகவல். அவனைக் காட்டிக்கொடுத்த இமையை வாசித்தது கினுதியாதான். நான்கு. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் உண்டு. நான்கா ஐந்தா என்று இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பதுதான் அந்த வருத்தம்.

நிலையத்தின் தலைமை டாக்டர் அபோண்டி. விக்டோரியா ஏரிக்கரைப் பெண்மணி, ஐம்பது வயது, ஒல்லி, பொய் சொல்லத் தெரியாதவர், அதனால் மற்றவர்கள் சொல்வதையும் கண்டுபிடிக்கத் தெரியாதவர். அவருக்கு மூன்று வகை நோயாளிகள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்து, துர்க்கானா ஏரி மணலிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, அட்டைப் பெட்டிகளில் கூன் விழுந்த முதுகெலும்போடு கிடப்பவர்கள், ஊர் ஊராக அரசு மருத்துவமனைகளில் இப்போது இருமிக்கொண்டிருப்பவர்கள், கூண்டில் இருப்பவை. முதல் வகையினரிடம்தான் டாக்டருக்குப் பிரியம் அதிகம். அவர்கள் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்ததில்லை.

இந்த மூவரில் யார் யாருக்கு நோயைக் கொடுத்தது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. ஊழியர்களுக்கு அவர் அதை விளக்கும் விதம் இது: கிருமிக்குத் தலைமுறைக்குத் தலைமுறை உடம்பில் ஒரு மச்சம் கூடும். இரண்டு கிருமியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மச்சம் குறைந்தது தாய், கூடினது பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு அம்புக்குறி போட்ட ஒரு படம் வரைவார். ஊழியர்கள் தலையாட்டுவார்கள். கூண்டு கழுவும் ஒண்டீகி மட்டும் ஒருமுறை, "எங்க கீசி ஊர்ல மச்சத்த வெச்சு அப்பனக் கண்டுபிடிக்கப் போய்தான் டாக்டரம்மா பாதி வழக்கே" என்றான்.

அந்த வருடம் மார்ச்சில் கினுதியாவுக்கு இருமல் வந்தது.

முதலில் பனி என்றார். பிறகு கூண்டு கழுவும் குளோரின் என்றார். ஏப்ரலில் இராத்திரி வியர்த்து மெத்தை நனைந்தபோது எதுவும் சொல்லவில்லை. இந்த இருமலை அவர் கம்பிக்கு அப்பாலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். ஏப்ரல் வாசிப்பின் மூன்றாம் நாள், பெரிய கூண்டில் 'மாமியார்' என்று ஊழியர்கள் பெயர் வைத்திருந்த கிழட்டுப் பெட்டையின் இடது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. அதற்கு மூன்று வாரம் முன்னால் மாமியாருக்குப் பல் பிடுங்கும்போது தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தவர் கினுதியா. முகக்கவசத்துக்குள் வேர்க்கிறது என்று அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார்.

"என்ன கதோனி அப்பா, மாமியார் உங்களப் பாத்துக் கண்ணடிக்கிறா?" என்றான் ஒண்டீகி. கினுதியாவின் மூத்த மகள் பெயர் கதோனி.

"தூக்கக் கலக்கம்."

"மூணு நாளாவா?"

"உனக்கு மாமியாரப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணத் தாங்க முடியாமத்தான ஊர விட்டு ஓடிவந்த? கையெழுத்துப் போடு."

வாசிப்புப் புத்தகத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்றும் சட்டம். பத்து வருடமாக ஒண்டீகி பார்க்காமல்தான் போட்டு வந்தான். அன்று முதல்முறையாகப் பார்த்துவிட்டுப் போட்டான். கினுதியா எழுதியிருந்தது பூஜ்யம். அழகான, முட்டை மாதிரி உருண்ட பூஜ்யம்.

வீட்டில் மனைவி ஜெருஷா உகாலிக் களியைத் தட்டில் கவிழ்த்து, பக்கத்தில் கீரையை வைத்தாள். இருமல் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மார்ச் மாதமே மகள் காலி செய்துபோன அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டீங்க?"

"பூஜ்யம்."

"அப்ப சாப்பிடுங்க."

"அது தப்பு ஜெருஷா."

"மசிண்டே கட்டில் மழையில நனைஞ்சத நான் இந்த ஜன்னல்ல இருந்து பாத்தவ. அந்த மெத்தைய உள்ள எடுத்து வைக்கக்கூட யாரும் போகல. நானும் போகல. தப்பு சரியெல்லாம் அன்னிக்கே பாத்தாச்சு. கீர ஆறுது."

ஜூலை வாசிப்பில் நான்கு இமைகள் தொங்கின. நான்கு பூஜ்யம். ஒரு பூஜ்யத்தைப் போட்டவனுக்கு இரண்டாவதைப் போடுவதில் சிரமமில்லை, சிரமம் நிறுத்துவதில்தான். ஆகஸ்டில் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. பயந்துபோய், சனிக்கிழமை மாட்டாட்டு வேன் ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி நைவாஷாவுக்குப் போனார். அங்கே ரோஜாத் தோட்டங்களில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்தார்கள். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. காசநோய்ப் பிரிவின் நர்ஸ் செரோப் மட்டும் கேட்டார்.

"பேரு?"

"சாத்ராக் முங்காய்."

"அடையாள அட்டை?"

"தொலஞ்சு போச்சு சிஸ்டர்."

"இங்க எல்லாருக்கும் அது தொலஞ்சுதான் போகுது. தொழில்?"

"ரோஜாத் தோட்டம்."

"கைய நீட்டுங்க. ஒரு முள்ளுக் கீறல் இல்ல?"

"மேஸ்திரி."

"அதான பாத்தேன். கத்திக் கத்தியே நுரையீரல் போயிருக்கும்." துப்பச் சொல்லி குப்பியைக் கொடுத்தார். அடுத்த வாரம் மாத்திரை கொடுத்தார். "ஆறு மாசம். ஒரு நாள் தவறக்கூடாது மேஸ்திரி. பாதியில விட்டா கிருமி மாத்திரையப் படிச்சுக்கும். படிச்ச கிருமிய நான் அடக்க முடியாது, உங்க முதலாளியும் அடக்க முடியாது."

கினுதியாவுக்கு இது தெரியும். இதையே சொல்லி நிலையத்துச் சுவரில் இருந்த தாளைக் கிழியாமல் ஒட்டியதே அவர்தான். தவறாமல் விழுங்கினார். செப்டம்பரில் இருமல் நின்றது, உடம்பு தேறியது, ஞாயிறு தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நின்றார். குரங்குகளுக்கு அப்படி ஒரு நைவாஷா இருக்கவில்லை. அக்டோபர் வாசிப்பில் ஏழு இமைகள். ஏழு பூஜ்யம்.

வாசிப்பு முடிந்த எட்டாம் நாள் மாமியார் செத்துப்போனாள்.

அறுத்தபோது நுரையீரல் இரண்டும் பழைய பாலாடைக்கட்டி மாதிரி உதிர்ந்தன. ஊழியர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். கினுதியாவும் துப்பினார், இரண்டு மாத மாத்திரையில் அவருடைய குப்பி சுத்தமாக வந்தது. மார்புப் படத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு இருக்கும் தழும்புதான் என்றார்கள். மாலையில் டாக்டர் அபோண்டி வாசிப்புப் புத்தகத்தோடு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கினுதியா கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். கடிதம் வாங்கப் போகிறவன் கோட்டில் போக வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"ஏப்ரல் பூஜ்யம், ஜூலை பூஜ்யம், அக்டோபர் பூஜ்யம்" என்றார் டாக்டர். "உள்ள இப்படி. கினுதியா, உங்களுக்கு இதுல என்ன தோணுது?"

"டாக்டர், நான்..."

"வேற யார் வாசிச்சிருந்தாலும் ஆளு தப்பாப் பாத்துட்டான்னு தூக்கிப் போட்டிருப்பேன். உங்க கண்ண சந்தேகப்பட்டா நான் என் எலும்புப் பெட்டியையே சந்தேகப்படணும். இமை தொங்கல. நோய் இருக்கு, உடம்புக்குத் தெரியல. புரியுதா? சத்தமில்லாத நோய்."

கினுதியா உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

துர்க்கானா எலும்புகளில் அவருக்கு வெகுநாளாக ஒரு குழப்பம். முதுகெலும்பைக் கிருமி தின்று கூன் விழுந்தபிறகும் அந்த ஆட்கள் இருபது முப்பது வருடம் வாழ்ந்திருந்தார்கள். எப்படி? உடம்பு சண்டை போடாத ஒரு பழைய நோய் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. யாரும் நம்பவில்லை. இப்போது கூண்டில் அதற்கு உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது. மாமியாரோடு போயிருக்க வேண்டிய முப்பத்தோரு குரங்குகளும் தப்பித்தன. அவற்றுக்கு வாழைப்பழம் இரட்டிப்பானது.

பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். நைரோபியிலிருந்தும் கம்பாலாவிலிருந்தும் வெள்ளைக்கார நாடுகளிலிருந்தும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இமையைப் பார்த்த மனிதரைப் பார்க்க வேண்டும். கினுதியா கூண்டு முன்னால் நிற்பார். போட்டோ எடுப்பார்கள். பின்னால் முப்பத்தோரு முதுகுகள் தெரியும். இப்படி அக்டோபரில் இரண்டு, நவம்பரில் மூன்று சனிக்கிழமை நைவாஷா போக முடியவில்லை. கையிலிருந்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் விழுங்கிச் சமாளித்தார். மானம் காக்கும் வேலை, மருந்து வாங்க நேரம் கொடுக்கவில்லை.

டிசம்பரில் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். மேசையில் ஒரு வரைபடம்.

"ஊர் ஊரா ஆஸ்பத்திரியில வாங்கின குப்பிய மாமியாரோட கிருமியோட ஒப்பிட்டுப் பாத்தோம். ஆயிரத்து நூறு பேர். ஒரே ஒருத்தர்தான் அச்சு அசலாப் பொருந்தறார். மச்சத்துல ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல." விரலை நைவாஷாமேல் வைத்தார். "சாத்ராக் முங்காய். ரோஜாத் தோட்ட மேஸ்திரி. குடுத்த முகவரியில ஆட்டுக் கொட்டகைதான் இருக்காம். எந்த வழியா நம்ம கூண்டுக்கு வந்திருப்பார்? தீவன லாரியா? நீங்க போய்க் கண்டுபிடிங்க கினுதியா. உங்களுக்குத்தான் எதுவும் கண்ணுல தப்பாது."

நிலையத்து ஜீப்பில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கினுதியா தன்னைத் தேடிக்கொண்டு போனார். டிரைவரை நைவாஷா ஏரிக்கரைக் கடையில் உட்காரவைத்துவிட்டுத் தோட்டத்து வாசல்கள்வரை நடந்தார், யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பினார், வறுத்த மீன் சாப்பிட்டார். நாட்டில் எங்கோ அந்த ஆள் இருக்கும்வரை டாக்டர் தேடுவார். தேடினால் நர்ஸ் செரோப்பைக் கேட்பார், மேஸ்திரியின் உயரத்தையும் முன்பல் இடைவெளியையும் செரோப் சொல்வார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோதே கினுதியா முடிவு செய்துவிட்டார்.

"செத்துட்டார் டாக்டர்" என்றார் மறுநாள். "ரெண்டு வாரம் ஆச்சு. முராங்கா பக்கம் ஊருக்குக் கொண்டுபோய்ட்டாங்க."

டாக்டர் அபோண்டி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிடம் மரியாதையாகத் தலை குனிந்து இருந்தார். பிறகு கேட்டார்: "எங்க பொதைச்சாங்க?"

"டாக்டர்?"

"முழுசா வேண்டாம். முதுகெலும்புல ஒண்ணு, விலா எலும்புல ஒண்ணு. குடும்பத்துக்கு நானே கடிதம் எழுதறேன். பெட்டியில இருக்கறவங்களோட பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

"அவங்க தலைப்பாக கட்டற சபைக்காரங்க. ஆஸ்பத்திரின்னாலே வாசலத் தாண்ட விடமாட்டாங்க" என்றார் கினுதியா. தன் முதுகில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது அவருக்கு.

"ஆனா மாத்திர வாங்க வந்தாரே?"

"திருட்டுத்தனமா வந்திருப்பார்."

"பாவம்" என்றார் டாக்டர். மனதாரச் சொன்னார். நேர்மையான மனிதர் என்பதால் அதோடு நிற்கவில்லை. ஒரு நோயாளி செத்துப்போனது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது முறையல்ல என்று அன்றே நைவாஷாவுக்குக் கடிதம் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை கினுதியா மாத்திரைக்குப் போனபோது நர்ஸ் செரோப் இல்லை. லோட்வாருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் கழுத்துப் பட்டி கட்டிய ஒரு ஆண் நர்ஸ், பதிவேட்டில் விரல் வைத்துத் தேடினார்.

"சாத்ராக் முங்காய் எறந்துட்டார்."

"இல்லையே."

"ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கடிதாசி வந்திருக்கு, முத்திரையோட. நீங்க யாரு?"

நான்தான் சாத்ராக் என்று சொல்லலாம். அட்டையைக் காட்டு என்பார். சட்டைப் பையில் இருந்த அட்டையில் கினுதியா என்றுதான் இருந்தது, போட்டோவோடு.

"அவரோட அண்ணன்" என்றார்.

"துக்கத்துல பங்கெடுத்துக்கறேன் பெரியவரே. தம்பி மருந்து மிச்சம் இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க, இருக்கறவங்களுக்கு ஆகும். நீங்களும் ஒரு குப்பியில துப்பிட்டுப் போங்க, கூட இருந்தவங்கள நாங்க பாக்கணும். அட்ட வெச்சிருக்கீங்களா?"

கினுதியா வெளியே வந்து மாட்டாட்டு ஏறினார். இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. வழியெல்லாம் ஏதாவது வேறு ஊர், வேறு பெயர் என்று யோசித்தார். வேறு பெயரோடு போனால் மறுபடி துப்ப வேண்டும், துப்பினால் ஒன்றுமிருக்காது, ஒன்றுமில்லாதவனுக்கு மாத்திரை கிடையாது. குணமாகிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டார். அது மலிவான முடிவு.

கிருமி படித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம், டென்மார்க்கிலிருந்து வந்த இரண்டு பேருக்கு இமையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, கினுதியா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஒரு கோப்பை அளவு இரத்தம் வந்தது. குரங்குகள் திரும்பிப் பார்த்தன என்று ஒண்டீகி பிறகு சொன்னான். அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவமனையில் தனி அறை. வழக்கமான மாத்திரை எதற்கும் அடங்காத கிருமி என்றார்கள். ஊசி, தினம் ஒன்று, எட்டு மாதம். மாத்திரை இருபது மாதம். பிழைப்பது பாதிக்குப் பாதி. அந்தப் படுக்கையில் கினுதியா ஒன்றைத் தீர்மானித்தார். சாவு இவ்வளவு பக்கத்தில் வந்தபிறகு வீடு போனால் என்ன, பெயர் போனால் என்ன. சொல்லிவிடுவது. மாமியார், பூஜ்யங்கள், சாத்ராக், எல்லாம்.

"சொன்னா, நான் எங்க போறது?" என்றாள் ஜெருஷா, முகக்கவசத்துக்குள்ளிருந்து.

"கதோனி வீட்டுக்கு."

"அவ மாமியாரோடவா? அதுக்கு உங்க மாமியாரோட கூண்டே பரவாயில்ல."

டாக்டர் அபோண்டி மூன்றாம் வாரம் வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் சுருட்டிய தாள்.

"டாக்டர், அந்த நைவாஷா ஆளு..."

"அதத்தான் சொல்ல வந்தேன். பேசாதீங்க, மூச்சு வாங்குது." தாளைப் போர்வைமேல் விரித்தார். "இது சாத்ராக். அவர்கிட்ட இருந்து இந்த அம்பு நம்ம குரங்குங்களுக்கு. ரெண்டும் ஒரே கிருமி. இப்ப உங்க கிருமி வந்திருக்கு. அதே கிருமி, ஆனா நாலு மச்சம் கூட. அப்படின்னா?"

இருபத்திரண்டு வருடம் மாணவனாக இருந்தவர் கினுதியா. தாளைப் பார்த்தார். மச்சம் குறைந்தது தாய், கூடினது பிள்ளை. சாத்ராக்கிலிருந்து குரங்குக்கு ஒரு அம்பு. குரங்கிலிருந்து கினுதியாவுக்கு ஒரு அம்பு. பாதி மருந்தில் கிருமி கற்ற பாடம்தான் அந்த நான்கு மச்சங்கள் என்று அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும்.

"எங்க குரங்குங்கதான் உங்களுக்குக் குடுத்திருக்கு" என்றார் டாக்டர். "வேலையில வந்த நோய். வீடு உங்களோடது, ஆயுசு பூரா. ஓய்வூதியம் நான் வாங்கித் தர்றேன். என்ன மன்னிச்சிடுங்க கினுதியா. சத்தமில்லன்னு சொல்லி அதுங்கள உயிரோட வெச்சது நான்தான்."

ஜெருஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கினுதியா தாளை இன்னொரு முறை வாசித்தார். அதில் எந்தப் பிழையும் இல்லை.

"சரிங்க டாக்டர்" என்றார்.

மனிதனுக்கு நோய் கொடுத்த கூண்டு இனி இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. முப்பத்தோரு குரங்குகளுக்கும் கடைசியாக ஒரு வாசிப்பு. புது வாசிப்பவன் ஒண்டீகி. நோய் இல்லாதவை ஏதும் இருந்தால் பிழைக்கட்டும் என்று டாக்டர் விரும்பினார். ஒண்டீகி, கண்ணில் பட்டதை எழுதினான். இருபத்தொன்பது இமைகள் தொங்கின. சத்தமில்லாத நோய் ஒரு கட்டத்தில் சத்தம் போட ஆரம்பிக்கும் என்று டாக்டர் அதற்கும் ஒரு கட்டுரை எழுதினார். நோயில்லாத இரண்டும் பிழைக்கவில்லை. இரண்டுக்காகப் பெரிய கூண்டைச் சூடாக வைத்திருப்பது வீண் என்றது நிர்வாகம். இரண்டு நாள் வேலை அது. கடைசிக் குரங்கு ஊசி வரும்வரை ஒண்டீகியை முறைத்தபடியே இருந்தது.

கினுதியா பிழைத்தார். ஒரு நுரையீரல் மிஞ்சியது. தினசரி ஊசி அவருடைய காதை வாங்கிக்கொண்டது; இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். காது போனபின், நிலையத்தில் எல்லோரோடும் பேசிய சுவாகிலியும் வாயிலிருந்து மெல்ல நழுவியது. தாய்மொழி கிகுயுவில் மட்டும், தேவையில்லாத சத்தத்தில் பேசினார். நிலையத்து வீட்டில், தேயிலையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. மேலே விழவிருந்த கல் எல்லாம் விலகிப் போனபின்னும் அவருக்கு மூச்சு முட்டியது, ஒரு நுரையீரலின் குற்றம் மட்டுமல்ல அது.

ஓய்வூதியம் வந்த இரண்டாம் வருடம் டாக்டர் அபோண்டி இரண்டு வெளிநாட்டுக்காரர்களோடு வந்தார். ஜெருஷா தேநீர் ஊற்றினாள், மந்தாசிப் பணியாரத்தை அடுக்கினாள். டாக்டர் குனிந்து கினுதியாவின் கையைப் பிடித்து, கேட்காது என்று தெரிந்தும் நலம் விசாரித்தார். விக்டோரியா ஏரிக்கரைப் பெண்மணிக்குக் கிகுயு ஒரு வார்த்தை வராது.

கினுதியா அந்தக் கையை விடவில்லை. வாய் திறந்தார்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். அதுங்க எனக்கு ஒண்ணும் குடுக்கல. இமை தொங்கிச்சு. முதல்ல ஒண்ணு, அப்புறம் நாலு, அப்புறம் ஏழு. நான் பாத்தேன். சாத்ராக் நான்தான்." பக்கத்து வீட்டில் நாய் குரைக்கும் அளவுக்குச் சத்தம். கண்ணில் நீர் வழிந்தது.

வந்தவர்கள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். டாக்டர் ஜெருஷாவைப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

ஜெருஷா கெட்டிலைக் கீழே வைத்தாள். மேசைமேல் சிந்தியதைத் துணியால் துடைத்தாள்.

"அதுங்க என் பிள்ளைங்க மாதிரின்னு சொல்றார்" என்றாள் சுவாகிலியில். "ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கறார், பாவம். அதுங்கமேல கோவமில்லையாம்."

டாக்டர் அதை மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

கினுதியா பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் ஜீப் ஏறிப் போனபின் ஜெருஷாவின் மேல்துணியைப் பிடித்து இழுத்தார்.

"எழுதிக்கிட்டாங்களா?"

ஜெருஷா அவருக்குத் தெரியும்படி, நன்றாகக் கீழே வரைக்கும் தலையை ஆட்டினாள்.

கினுதியா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்.